தாள் இல்லாத இரண்டாம் பாதி

இன்று காலை பள்ளிக்கூட ஹாலில் பியானோவின் மூடியைத் திறந்தேன். சூடான தூசியும் அந்துருண்டையும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. சாந்தோம் கடல்காற்று கம்பிகளை அரிக்காமல் இருக்க நீ உள்ளே தொங்கவிட்ட பல்பு இன்னும் எரிகிறது. புது பாட்டு டீச்சருக்கு அதைப் பற்றிய நினைப்பே இல்லை. பியூஸ் போனால் நான்தான் வாங்கி மாட்டுகிறேன். கணக்கு டீச்சர் உனக்கு இது எதுக்குடி என்று கேட்பாய். அலுத்துத்தான் போகிறது. ஆனாலும் மாட்டுகிறேன்.

மாதாகோயில் பாடகர் குழுவில் இருந்ததால் எனக்கு இசைத்தாள் படிக்க வரும். அதனால் உன் கச்சேரிகளில் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து தாள் திருப்பும் வேலை என் தலையில் விழுந்தது. கடைசி வரி வந்ததும் உன் மோவாய் லேசாக அசையும். நான் எழுந்து திருப்புவேன். நமக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ஹாலில் நீ புடவை கட்டி, மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் வாசிக்கும் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் நீ வேறு ஆள். கவுன் மாட்டிக்கொண்டு, வேறு பெயர் வைத்துக்கொண்டு, மவுண்ட் ரோடு ஹோட்டலில் பட்டாளத்துக்காரர்களுக்கு ஜாஸ் வாசிப்பாய். முகம் தெரியாதபடி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவாய். பள்ளியை நடத்தும் மதர் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று நான்தான் வாசல்வரை வந்து கெஞ்சுவேன். உனக்கு ஒன்றுமில்லை. "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் மவுண்ட் ரோடா?" என்று தெருவே கேட்கிற மாதிரி ரிக்‌ஷாக்காரர் கத்தினாலும் சிரித்துக்கொண்டே ஏறுவாய்.

ஆங்கிலப் பத்திரிகையில் விமர்சனம் எழுதும் அந்தப் பெரியவர், எங்கும் குடையோடு வருவாரே, அவர் இரண்டு இடத்துக்கும் வந்தார், இரண்டும் நீதான் என்று தெரியாமல். ஹாலில் கேட்டுவிட்டு எழுதினார்: "இடது கை இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கொஞ்சம் துணிச்சல் வந்தால் போதும்." ஹோட்டலில் கேட்டுவிட்டு எழுதினார்: "தாளத்தைப் பின்னுக்கு இழுத்து, விழப்போகும் நேரத்தில் பிடிக்கிறார். என்ன துணிச்சல்! முறையாகப் பயின்றிருந்தால் எங்கேயோ போயிருப்பார்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். நீ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றது.

"என்னை நடுவுல வெட்டி, ரெண்டு பாதிக்கும் மாலை போட்டுட்டாரு பாரு. முழு ஆளை எவனும் கேக்கலையே."

அன்றிலிருந்து உனக்குப் பாராட்டே பிடிக்காமல் போனது. பத்திரிகை வந்தால் "அப்படி வைடி" என்பாய், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய்.

யுத்தம் முடிந்த வருஷம், பங்குக் கோயில் ஹாலில் கச்சேரி. முன்வரிசையில் மதர், பின்னால் குடைக்காரர். முதல் பாதி வழக்கம்போல் நடந்தது. இடைவேளையில் தாள்கட்டை எடுத்து என் மடியில் வைத்தாய்.

"இனிமே இது வேணாம். ஹோட்டல்ல வாசிக்கறதைத்தான் வாசிக்கப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? வேலை போயிடும்!"

"போவட்டும். நீ எழுந்திருக்காத. இங்கயே உக்காரு."

உட்கார்ந்தேன். உன் சொந்தப் பெயரில், புடவையில், அத்தனை பேருக்கும் முகம் தெரிய வாசித்தாய். எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. நடுவில் ஒருமுறை உன் மோவாய் அசைந்தது. பழக்க தோஷத்தில் எழுந்தேன். திருப்ப என்ன இருக்கிறது? அசடு வழிய மறுபடி உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை பத்திரிகையில் வந்தது: "இந்த ஊரில் இரண்டு பேர் வாசிப்பதாக எழுதிவந்தேன். ஒருவரே. தெளிவும் துணிச்சலும் அதே விரல்களில்தான் இருந்திருக்கின்றன. என் காதுக்குத்தான் எட்டவில்லை." அதே திங்கட்கிழமை மதர் உன்னைக் கூப்பிட்டார். "நல்லாத்தான் வாசிச்சீங்க, டீச்சர். பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார். வேலை போயிற்று. நீ அந்தப் பத்திரிகையை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாய். "அசதியா இருக்குடி, வீட்டுக்குப் போலாம்" என்றாய்.

போன மழையில் நெஞ்சுச்சளி உன்னைக் கொண்டுபோவதற்கு முன், கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். தாளே இல்லாதபோது எதற்கு மோவாயை அசைத்தாய், என்னை எல்லார் முன்னாலும் கோமாளி ஆக்கினாயே என்று.

"தாள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீ இருக்கியான்னு பாத்தேன்."

இப்போது புது டீச்சர் வகுப்பெடுக்கும்போது நான் பின்னால் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்துகிறேன். பாட்டு கடைசி வரிக்கு வந்ததும் என் கை தானாக எழும்புகிறது. பியானோ பக்கத்து முக்காலி காலியாகக் கிடக்கிறது, என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருக்கேன்டி.