வெளியே போன ஃபோல்டர்

3 மார்ச், செவ்வாய்
மாமா தான் எழுதிய புரோகிராம் கோட் முழுவதையும் என் ஃபோல்டரிலிருந்து உருவி, தனி ஃபோல்டரில் வைத்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர், இந்த ரெண்டு பேர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மூத்த பாதி. போன வாரம் அவர் எழுதியதைக் கேட்காமல் திருத்திவிட்டேனாம். "இனி உன் கை படாது" என்றார். சரி, படவேண்டாம். ஆனால் எல்லா ஃபைலையும் சேர்த்துக் கட்டித் தரும் வெப்பேக், அவருடையதைக் காணோம் என்று அடம்பிடிக்கிறது. திங்கட்கிழமை குழந்தைகள் வார்டு நர்ஸுகள் கைக்கு நாங்கள் செய்யும் இந்தத் திரை போகணும். எடையைத் தட்டினால் மருந்து அளவு வரும். வரணும்.

4 மார்ச், புதன்
மாமா ஃபோல்டர் இருக்கும் பாதையை வெப்பேக்குக்குக் கொடுத்தேன். ஃபைல் கிடைத்தது. அது கேட்கும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த துணைக் கோட், கிடைக்கவில்லை — தன் ஃபோல்டரிலும் அதற்கு மேலேயும்தான் தேடுமாம், பக்கத்திலிருக்கும் என்னுடையதில் தேடாதாம். அதையும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பேபல். புதுப் பாணியில் எழுதிய கோட்களை வார்டின் பழைய டேப்லெட்டுக்குப் புரியும்படி மாற்றுவது அதன் வேலை. என் ஃபோல்டரை மட்டும் மாற்றுகிறது. மாமாவுடையதைத் தொடவே இல்லை. டேப்லெட் வெள்ளையாக முழிக்கிறது. பேபலும் மாமா கட்சியா?

5 மார்ச், வியாழன்
அக்கா போன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? நேரா பேசுங்கடா."
"அவர் பேசட்டும்."
"அவரும் இதையேதான் சொல்றாரு. நல்ல ஜோடி."
மதியம் பொறுமை போச்சு. மாமா ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து என் ஃபோல்டருக்குள் போட்டேன். வெப்பேக் கட்டும் பில்ட் உடனே ஓடியது. அப்பாடா.

6 மார்ச், வெள்ளி
வார்டில் சோதனை. மருந்தாளுநர் எடைகளைச் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஒன்றில் நிறுத்தினார். "தம்பி, இது அதிகம். இதுக்கு மேல போகக் கூடாதுன்னு உங்க மாமாகிட்ட சொன்னேனே. நேத்து சாயந்திரம் மாத்திட்டேன்னாரே?"
மாத்தியிருக்கிறார். தன் ஃபோல்டரில். ஓடியது என் காப்பி.
மறுபடி காப்பி அடித்தால் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு கட்டளை போதும். ஆனா அடுத்த தடவை அவர் மாத்தும்போது? அன்னைக்கு வார்டுல ஒரு குழந்தை இருக்குமே?
மாமாவுக்குப் போன் போட்டு, திரையில் வந்த அளவைச் சொன்னேன்.
"எந்த ஃபைல்டா ஓடுது?"
"பழசு. நான் அடிச்ச காப்பி."
"அறிவிருக்கா? இன்னைக்கு இது கண்ணுல படாம போயிருந்தா?"
மாமா அதே மூச்சில் தொடர்ந்தார்.
"திங்கட்கிழமை வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லு. நீயே சொல்லு."
சொன்னேன். ஒரு வாரம் தந்தார்கள். அதற்கு மேல் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

7 மார்ச், சனி
காப்பியை அழித்தேன். தூக்கமில்லை.

8 மார்ச், ஞாயிறு
மாமா வீட்டு மேசை. அக்கா எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். பேபலுக்கு உத்தரவு சொல்லும் கான்ஃபிக் ஃபைலை ரெண்டு ஃபோல்டருக்கும் பொதுவாக மேலே ஏற்றினோம். அது மாற்ற வேண்டிய ஃபோல்டர்கள் பட்டியலில் அவருடையதையும் சேர்த்தோம்.
"முதல்லயே கேட்டிருந்தா?"
"ஃபோல்டரைத் தூக்கும்போது நீங்க சொல்லியிருந்தா?"
முறைத்துக்கொண்டே தட்டினோம். சோதித்துப் பார்க்க அவர் தன் ஃபைலில் மருந்து அளவின் எல்லையைக் குறைத்தார். என் திரையில் குறைந்தது. நம்பிக்கையில்லை. இன்னொரு தடவை மாத்தச் சொன்னேன். திட்டிக்கொண்டே மாற்றினார்.

16 மார்ச், திங்கள்
வார்டு வாசலில் நானும் மாமாவும். நர்ஸ் எடையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். மாமா பேனாவை எடுத்து அந்த எடைக்கான அளவை உள்ளங்கையில் கணக்குப் போட்டார். நர்ஸ் மருந்தை அளந்துகொண்டு கட்டிலுக்குப் போனார். மாமா கையை என் பக்கம் விரித்தார்.
திரையில் இருந்த அதே எண்.