தரை முழுக்க ஒரே சூடு

என் கடைக்குட்டி போமி,

சுகமாக இருக்கிறாயா? இங்கே என் முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி நான், உன் அண்ணன், அத்தை எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஜெர்மனியில் பனி தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். புகையில் இருமிக்கொண்டு கிடக்காதே அம்மா என்று நீ சொன்னபடியே, அடுப்புப் புகை கல்லுக்கு அடியில் ஓடிச் சூடேற்றும் அந்தப் பழைய தரையை மாற்றியாயிற்று. போங் மேஸ்திரி பழைய கல்லையெல்லாம் பெயர்த்து, குழாய் பதித்து, சிமெண்டு பூசிவிட்டார். கொல்லையில் பாய்லர் உறுமுகிறது, சுடுதண்ணீர் தரைக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடுகிறதாம். "இனிமே எந்த மூலையில படுத்தாலும் நீங்க மகாராணிதான்க்கா" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அடுப்பை ஒட்டி அதிகமாகச் சுடும் பக்கம், உன் அப்பா உட்காரும் இடத்தில், தரைமேல் ஒட்டிய எண்ணெய்க் காகிதம் சூட்டில் பழுத்துக் கருத்திருந்ததே, மேஸ்திரி அதைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு, "வேணுமாக்கா?" என்று கேட்டார். எதற்கு என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. அப்பா வரத் தாமதமானால் சோற்றுக் கிண்ணத்தை மூடி அங்கேதானே போர்வைக்குள் வைப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பாத அன்றும் வைத்திருந்தேன். இப்போதும் வைக்கிறேன், அண்ணனிடம் சொல்லாதே. போன வாரம் கிண்ணத்தோடு நின்றேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து கையால் தடவிப் பார்த்தேன், அறை முழுக்க ஒரே சூடு. பழைய அடுப்பில் நாலு விறகு வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுடுமே என்று மூட்டிவிட்டேன். புகை போகிற வழியைத்தான் மேஸ்திரி சிமெண்டால் அடைத்திருந்தாரே, அது என் புத்தியில் ஏறவேயில்லை. சமையலறை இருட்டிப் போயிற்று. அத்தை ஓடி வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டு, "என்ன அண்ணி, அதுக்குள்ள கிளம்பிட்டியா? எங்க அண்ணன் இப்பத்தான் நிம்மதியா இருக்காரு, கொஞ்ச நாள் விடேன்" என்றாள். இருமலோடு சிரிப்பும் வந்துவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது.

மேஸ்திரிமேல் குறை இல்லை, உன்மேலும் இல்லை. வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது, காலையில் கால் வைத்தால் சுகமாகத்தான் இருக்கிறது, அதுதான் இன்னும் குழப்பம். வருகிற மாதம் அப்பாவுக்கு முதல் திவசம். அண்ணனைக் கேட்டால், "எல்லா எடமும் சூடாத்தானேம்மா இருக்கு, அப்பா எங்க வேணா உக்காந்துக்குவாரு" என்கிறான். அவர் என்றைக்கு வேறு இடத்தில் உட்கார்ந்தார்? வெளியே போய் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கே போய்க் கையைத் தரையில் வைப்பார், பிறகுதான் பேச்சு.

நீ நோய்நொடி இல்லாமல் இரு, உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். அனுப்பிய மிளகாய்த்தூளை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. அப்பாவுக்கு நீதான் செல்லம், அவர் மனசு உனக்குத்தான் தெரியும். திவசத்தன்று நம் வழக்கப்படி அப்பா உள்ளே வர வாசல் கதவைத் திறந்து வைப்பேன். குளிரில் வருகிறவர் உள்ளே வந்து எந்தப் பக்கம் போவார், போமி?

உன் அம்மா