கொட்டாவிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

என் மேலிடத்துக்கு,

தலைமையாசிரியர் பேச்சைக் கேட்டு, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று உன் அம்மா வீட்டிலிருந்து எழுதியிருந்தாய். அவர் பாதிதான் சொல்லியிருப்பார், மீதியைக் கேள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் அறிவியல் பாடத்தைக் கேட்டுக் கொட்டாவி விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பாடம் அப்படி. உடனே பக்கத்தில் இருந்த நாலு பிள்ளைகளும் விட்டார்கள். வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தி எழுந்தாள்.

"கொட்டாவி ஏன் சார் தொத்திக்குது?"

"எனக்குத் தெரியலம்மா. கண்டுபிடிப்போமா?"

பிறகென்ன, நாற்பது பேரும் அதிகாரியைப் பார்த்துக் கொட்டாவி விட்டு, அவர் எத்தனை முறை திருப்பி விடுகிறார் என்று நோட்டில் குறித்தார்கள். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"வாத்தியாரே தெரியலன்னு சொல்லலாமாய்யா? எழுதிக் குடுக்கலன்னா வேலை போயிடும்" என்றார் தலைமையாசிரியர்.

இருபது வருஷமாகத் தெரிந்ததை மட்டுமே சொல்லி எத்தனை பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறேன். அதற்கு யாரும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன்: "தெரியாது என்றேன். இன்னும் தெரியவில்லை. கேள்வி கேட்ட பெண் கொட்டாவியைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். முதலில் அதைப் படியுங்கள்."

திங்கள் முதல் நான் வீட்டில்தான் இருப்பேன் போலிருக்கிறது. நேரில் வந்தே திட்டு.

உன் திருந்தாத வீட்டுக்காரன்