நூலை இழுக்கும் இடம்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் மனசைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நலமா? அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நம் சாக்குக் கடைக்கு வந்து ஒவ்வொரு சாக்காக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்த ஓட்டையையா காசு கொடுத்து வாங்கினே என்கிறார், அவருக்குப் பார்வை வந்தது எனக்குத்தான் வினை.

நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். மெட்டுக் கட்டிய பெண்களுக்கென்றே ஒரு கச்சேரி, பேர் தெரியாமல் போனவர்களையும் தேடிப் பிடித்துப் பாடுகிறாய், பெருமைதான், வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் கடைசியில் உன் மாமியார் கட்டிய தாலாட்டு என்று ஒன்று வருகிறதே, அதைக் கேட்டதும் கணக்கு எழுதும் பெண் நிமிர்ந்து, ஏம்மா, இது நீங்க சாக்கு தைக்கும்போது முனகுற பாட்டுல்ல என்றாள். அவள் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? இந்தக் கடையே இல்லாத நாளில், கையில் ஒரு கோணி ஊசியோடு, காலால் உன் தூளியை ஆட்டிக்கொண்டே தைத்தபோது தானாக வந்த மெட்டு அது. மூன்றாவது அடியில் பாட்டு சட்டென்று நிற்கும். நூலை இழுத்து முடிச்சுப் போட நான் மூச்சைப் பிடிக்கிற இடம் அது. சம்பந்தியம்மா ராகம் தாளமெல்லாம் சேர்த்து ஜரிகை வைத்திருக்கிறார்கள், அழகுதான், ஆனால் அந்த நிறுத்தம் அப்படியே இருக்கிறது. அவர்கள் எந்தச் சாக்கைத் தைத்தார்களாம், கேட்டுச் சொல்.

நீதான் அங்கே அறியாமல் முணுமுணுத்திருப்பாய். அவர்கள் மேல் குற்றமில்லை, முத்திரை குத்தாத சரக்கு கிடைத்தவர் கைக்குத்தான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வயிறு எரிகிறது, உன்னிடம் மறைப்பானேன். அத்தை இப்படிப் பாடினாங்க, அத்தை அப்படிச் சொன்னாங்க என்று போனில் நீ உருகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பெண்ணைக் கொடுத்தேன், சரி, பாட்டையும் சேர்த்தா கொடுத்தேன்?

மேடையில் அவர்கள் பேரே இருக்கட்டும், கைதட்டலும் அவர்களுக்கே, இதற்காக வீட்டில் சண்டை இழுக்காதே. ஆனால் பிள்ளை பிறந்ததும் அந்தப் பாட்டை அதன் காதில் முதலில் பாடுவது நான்தான், இதை அவர்களிடம் இப்போதே சொல்லி வை, பேரத்துக்கு இடமில்லை. பிரசவத்துக்கு முன்பே வந்துவிடுவேன், டிக்கெட் எடுத்தாயிற்று.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நூறு வயசு இரு கண்ணே. இரும்பு மாத்திரையை மறக்காதே. ஒரு கோணி ஊசியும் நூலும் அங்கே வாங்கி வை, விமானத்தில் விடமாட்டார்களாம், கையில் அது இல்லாமல் எனக்கு அந்த இடத்தில் நிறுத்த வராது.

இப்படிக்கு,
முத்திரை குத்த மறந்த
உன் அம்மா