நாலாவது திகதி

இஞ்சாருங்கோ,

இன்று காலை உங்கள் கைத்தொலைபேசி அடித்தது. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இன்னும் அதைச் சார்ஜில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஏனென்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்பிள்ளை கதைத்தாள். புது சத்திரசிகிச்சை நிபுணர் வந்துவிட்டாராம். வருகிற வியாழக்கிழமை உங்களுக்கு ஒப்பரேசனாம். முதல்நாளே வந்து வார்ட்டில் சேரவேண்டுமாம்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"இரவுச் சாப்பாடு குடுக்கலாமோ பிள்ளை?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று தரம் உங்களைப் பட்டினி போட்டுக் கூட்டிப் போன பழக்கதோஷம்.

முதலில் கன்னத்துக்குள் ஒரு சின்னப் புண். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் என்று சொல்லி ஒரு மாதம் கடத்தினீர்கள். அது உங்கள் பிழை, அதை நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் காட்டிய பிறகு நடந்தது எதுவும் உங்கள் பிழையில்லை. புற்றுநோய்தான், வெட்டி எடுத்தால் சுகம் வரும், பிந்தக்கூடாது என்று சொன்ன டொக்டரே அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஆளில்லை. 'பிந்தக்கூடாது' என்று அவர் எழுதியது மட்டும் உங்கள் கிளினிக் கொப்பியில் இருந்தது.

முதல் திகதிக்கு, வேறு மாவட்டத்திலிருந்து வரவேண்டிய டொக்டர் வரவில்லை. இரண்டாவது திகதிக்கு அவர் வந்தார், மயக்கமருந்து கொடுக்கிறவர் இல்லை. வெறும் வயிற்றோடு பத்து மணிவரை கட்டிலில் இருப்பீர்கள். தாதி வந்து தயங்கித் தயங்கிச் சொல்லுவாள். நீங்களோ அவளுக்கு ஆறுதல் சொல்லுவீர்கள்.

"பரவாயில்லை மிஸ்ஸி, நீங்களும் என்ன செய்யிறது."

எனக்கு விசர் வரும். திரும்பி வரும்போது புத்தூர்ச் சந்திக் கடையில் பணிசைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்பீர்கள், சப்ப முடியாதே. நான் புறுபுறுத்தால், உமக்கு எல்லாவற்றுக்கும் அவசரம் என்று என்னைத்தான் அடக்குவீர்கள். அவசரமாக வளர்ந்தது உங்கள் கன்னத்துக்குள், எனக்குள் அல்ல.

மூன்றாவது தரம் கொழும்பிலிருந்து ஒருவர் ஒரே ஒரு நாளைக்கு வந்தார். நீங்கள்தான் முதலாவது பெயர். இரண்டாவது பெயர், பக்கத்து வார்ட்டில் ஒரு குருநகர்ப் பெண். தாயைத் தேடி அழுத கைக்குழந்தையை அவளுடைய தமக்கை வாசலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எழும்பிப் போய் டொக்டரிடம் சொன்னீர்கள்:

"உந்தத் தாயை முதல் கொண்டுபோங்கோ. நான் அடுத்ததாப் போறன்."

டொக்டரும் ஒத்துக்கொண்டார். அவளுடைய ஒப்பரேசன் இழுபட்டது. பின்னேரம் டொக்டர் திரும்பிப் போகவேண்டியிருந்தது. உங்களுக்கு ஏன் உந்த வேலை என்று வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பரவாயில்லை என்றீர்கள். அடுத்த ஸ்கானில் அது கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றார்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அந்தக் குருநகர்ப் பெண் தன் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை நடக்கிறது. அவளைப் பார்த்து நான் எப்படிக் கோபிப்பது? உங்களைக் கோபித்தும் அலுத்துவிட்டது. ஒருவருடைய உயிருக்கு இன்னொருவர் வழிவிட வேண்டிய இடத்தில் உங்கள் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தினவர் யாரோ, அவரைக் காட்டுங்கள். தொண்டை கிழியக் கத்தவேண்டும்.

இன்றைக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தது போனில் கதைத்த அந்தப் பெண்பிள்ளை. நீங்கள் இல்லை என்று சொன்னேன். பட்டியலில் பெயர் வெட்டப்படவில்லை, குறை நினைக்கவேண்டாம் அம்மா என்றாள். நான் சொன்னேன்:

"பரவாயில்லை பிள்ளை, நீங்களும் என்ன செய்யிறது."

உங்கள் வசனம், ஒரு சொல் பிசகாமல், என் வாயிலிருந்து. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். உலை கொதித்தது, அரிசி போடக் கை வரவில்லை. அடுப்பை நிற்பாட்டிவிட்டு அதே இலக்கத்துக்குத் திரும்ப எடுத்தேன். அவள்தான் எடுத்தாள். உங்கள் திகதியை இன்றைக்கே அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொன்னேன். பிறகு சொன்னேன்:

"முதல் பரவாயில்லை எண்டு சொன்னனான். அது பொய் பிள்ளை. அவரின்ரை பேரை வெட்டுற இடத்திலை அதையும் எழுதுங்கோ."

"எழுதிறன் அம்மா" என்றாள்.

உங்கள் சேட்டு, கொப்பி, போன் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இனியும் சார்ஜில் போடுவேன். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் வைத்திருக்க மாட்டேன். நீங்களே வைத்திருங்கள்.