இருபத்து மூன்று கடிதங்களும் தங்கச்சியின் பாடமும்

மேற்பிரிவு,
பூண்டுலோயா.
09.03.2025, ஞாயிறு

அன்புள்ள மகன் ஜூலியனுக்கு,

மாதாவின் காவலில் இங்கே நானும் அம்மாவும் சின்னத் தங்கச்சி டிலுக்ஷியும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், கந்தப்பளையில் உன் பெரிய தங்கச்சி ஷிராணியும் அவள் பிள்ளையும் நல்ல சுகம், நீயும் டோஹாவில் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்கிறாய் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அங்கே நோன்பு மாதம் என்பதால் வேலை நேரமெல்லாம் மாறியிருக்கும், பகலில் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மூட்டை தூக்காதே, மறைவாகப் போய்க் குடித்துவிட்டு வா. இங்கே மூன்று வாரமாக மழை இல்லை, தேயிலைக் கொழுந்து குறைவு, காலையில் மட்டும் பல் கிட்டுகிற குளிர். அம்மாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது, நாக்கு மட்டும் குறையவில்லை. இந்தக் கடிதத்தைக் கீழ்ப்பிரிவு யோகேஸ்வரன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் லீவு முடிந்து புதன்கிழமை உன் பக்கம்தான் திரும்புகிறான். கூடவே மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும் வரும், சம்பலை அறையில் உள்ள எல்லோருக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே.

போன ஞாயிற்றுக்கிழமை டிலுக்ஷியின் பாடத்தைப் பற்றி நீ போனில் சொன்னதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். "மீடியா படிச்சு என்னாப்பா செய்யப் போறா, மைக்க புடிச்சிக்கிட்டு ஊர் சுத்தவா, பேசாம ஐசிடி எடுக்கச் சொல்லுங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது, போகாவிட்டாலும் உன்னோடு பேசி யார் ஜெயிப்பது, நீ அம்மா வழி ஆள் அல்லவா. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் பேனாவை எடுத்தேன். விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பில் மூன்றாம் தொகுதியில் நீ சொல்கிற ஐசிடி என்ற தகவல் தொழில்நுட்பம், விவசாயம், சுகாதாரம், ஊடகம் என்று இருப்பதில் ஒன்றைத்தான் எடுக்கலாம், எடுத்தால் அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் அதுதான். முதல் சில வாரம் வகுப்பில் இருந்து பார்த்துவிட்டுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கி மார்ச் ஏழாம் தேதிக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். டிலுக்ஷி ஊடகம் என்று எழுதி என் முன்னால் வைத்தாள். நான் உடனே போட்டுக் கொடுக்கவில்லை, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு டிவியில் செய்தி வாசிக்கிற படிப்பு என்றுதான் நானும் உன்னை மாதிரியே நினைத்திருந்தேன்.

அந்தப் பாடம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒருத்தரும் நிம்மதியாக டிவி பார்க்க முடியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றைப் பார்த்தால், அது செய்தி இல்லை, காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்கிறாள். அம்மா வாட்ஸப்பில் வந்த வைத்தியக் குறிப்பு ஒன்றைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள், யார் சொன்னது, எந்த டாக்டர், எந்த வருசம் என்று இவள் கேட்ட கேள்வியில் அம்மா அத்தனை பேருக்கும் திரும்ப மெசேஜ் போட்டு அதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஷிராணி மாமியார் அதற்குள் இரண்டு நாள் குடித்து முடித்துவிட்டாராம், நல்ல வேளை ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் சிரிப்புக்கு எழுதுகிறேன், ஆனால் அடுத்து நடந்தது சிரிப்பில்லை.

ஊடகம் படிப்பிக்கிற ஜீவராணி டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு செய்தி புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய ஆள் வரைக்கும் எப்படிப் போகிறது என்று ஒரு வாரம் பின்னாலேயே போய்ப் பார்த்து எழுத வேண்டும், நல்லதாக வந்தால் பள்ளிக்கூடச் சுவர்ப் பத்திரிகையில் போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் ரேடியோ, பேஸ்புக், கோயில் ஸ்பீக்கர் என்று எடுக்க, இவள் என் தபால் பையை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இருபத்தாறு வருசமாக டவுன் தபால் கந்தோரிலிருந்து தோட்ட ஆபீஸுக்கும் அங்கிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் பை சுமந்தவனை ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை, என் மகள் கொப்பியோடு வந்து உட்கார்ந்து, இன்றைக்கு யாருக்கெல்லாம் கடிதம், யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள். என் ஞாபக சக்திதான் உனக்குத் தெரியுமே, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சனிக்கிழமை என்னோடேயே நடந்தும் வந்தாள். ஆறு நாளில் இருபத்து மூன்று கடிதம். நம் வழக்கம் உனக்குத் தெரியும், மலையில் சிதறிக் கிடக்கிற வரிசை வீடுகளுக்கு லயத்துக்கு லயம் ஏறி இறங்க நேரம் இருக்காது, மடுவத்தில் கொழுந்து நிறுக்க வருகிறவர்களிடம் அந்தந்த லயத்துக் கடிதத்தைக் கொடுத்து, இன்னார் வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னால் என் வேலை முடிந்தது. மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் இவள் அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது எனக்குத் தெரியாது. பொழுது சாய வந்து சொன்னாள், பத்தொன்பதுதான் சேர்ந்திருக்கிறது என்று.

எனக்கு வந்த கோபத்தை எழுதவே வெட்கமாயிருக்கிறது. "அப்பன் வேலையில பிழை புடிக்கவா ஒன்னய படிக்க வைக்கிறேன்" என்று கத்தினேன், கையெழுத்தும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று படிவத்தைத் தூக்கி எறிந்தேன். அவள் அழவில்லை. "பிழை புடிக்கலப்பா, அந்த நாலும் எங்க நிக்குதுன்னு பாக்குறேன், அவ்வளவுதான்" என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலில் ஒரு கரண்ட் பில்லை ஒரு பொடியன் கப்பல் செய்து கானில் ஓடுகிற தண்ணீரில் விட்டிருக்கிறான், ஒன்று கங்காணியின் கோட்டுப் பையிலேயே இருந்தது, ஒன்று கொழும்புக்கே குடிபோய்விட்டவனுக்கு வந்தது. நாலாவது பீலிக்கரை வீரய்யாவின் மகள் பிரியந்திக்கு வந்த அரசாங்கக் கடிதம், அது தன் கைக்கு வரவே இல்லை என்று பிரியந்தி சொல்லியிருக்கிறாள். நான் அதை மடுவத்தில் வீரய்யா வீட்டுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. நம் பிரிவில் வீரய்யா இரண்டு பேர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இவள் மற்ற வீரய்யா வீட்டுக்குப் போனாள். அங்கே அந்த மனுசனின் சம்சாரம் வீரம்மா கடிதத்தைப் பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால் விபூதி பூசிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அரசாங்க முத்திரை இருந்தால் அது வேலை விட்டவர்களுக்குக் காசு வருகிற சேமலாப நிதிக் கடிதமாகத்தான் இருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு, மூன்று வருசமாக அதற்குக் காத்திருக்கிற வீடு அது. மேலே இருந்த சிங்களமும் இங்கிலீசும் படிக்கத் தெரியாது, கொழும்புக் கடையில் வேலை செய்கிற மகன் தர்ஷன் சித்திரை வருசத்துக்கு வந்து படிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் நர்ஸ் வேலைக்கான தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை, கொழும்பில், நாளை மறுநாள் புதன்கிழமை. டிலுக்ஷி ஓடி வந்து என்னிடம் காட்டியதும் அதை வாங்கிக்கொண்டு பிரியந்தி வீட்டுக்கு ஓடினேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிரியந்தியையும் அவள் அப்பாவையும் நானே நானுஓயாவுக்குக் கூட்டிப் போய் ரயில் ஏற்றிவிட்டேன். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கிடைக்குமா என்று இன்னும் தெரியாது, ஆனால் போனாள்.

அதற்குப் பிறகு நானே தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் போய்ப் பேசினேன். இரண்டு வீரய்யாவும் ஆளுக்கொரு தூரிகை பிடிக்க, மூன்று நாளில் நம் பிரிவில் எல்லா லயத்துக்கும் எல்லாக் கதவுக்கும் நம்பர் எழுதி முடித்தோம். வாசலில் நம்பர் போட்டதும் அம்மா ஏதோ பங்களாவுக்குக் குடிபோன மாதிரி நடக்கிறாள். இப்போது நான் கடிதத்தைக் கதவு வரைக்கும் கொண்டுபோகிறேன், முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, முனகட்டும்.

சுவர்ப் பத்திரிகைக்கு டிலுக்ஷி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். வாசித்துப் பார்த்த டீச்சர், எல்லோருடைய பேச்சும் இருக்கிறது, தபால்காரர் பேச்சைக் காணோமே என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சுகமில்லை என்று இவள் பொய் சொல்லியிருக்கிறாள். டவுனில் வழியில் கண்ட டீச்சர் என்னிடம் இப்போது எப்படி இருக்கிறது உடம்பு என்று விசாரித்தபோதுதான் எனக்கு விளங்கியது, பிள்ளை என்னை மூடி மறைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, கேள், என்ன கேட்க வேண்டுமோ கேள் என்று அவள் முன்னால் உட்கார்ந்தேன். போனில் ரெக்கோட் போட்டாள். பையின் பாரம், நடக்கிற தூரம், ஆட்களின் பெயர்க் குழப்பம் எல்லாம் கேட்டாள், மடமடவென்று சொன்னேன். கடைசியில், "இதுக்கு முன்னாடி ஒரு கடுதாசியாவது இந்த மாதிரி பிந்திப் போயிருக்குங்களாப்பா" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. நான் போனை நிறுத்தச் சொன்னேன்.

ஜூலியன், ஏழு வருசத்துக்கு முன் வாத்தியார் படிப்புக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு உனக்கு வந்த கடிதம், நீ நினைக்கிற மாதிரி கொழும்பில் தாமதமாகவில்லை. நேர்முகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதே அது என் பைக்குள் வந்துவிட்டது. உறையில் உன் பெயரைப் பார்த்தேன், சந்தோசம்கூடப் பட்டேன். அன்றைக்குக் கந்தப்பளையில் ஒரு சாவு வீட்டுக்கு ஆபீஸிலிருந்து நேரே போக வேண்டியிருந்தது, நல்ல மழை, என் சட்டைப் பையில் நனைந்துவிடும் என்று மூன்றாம் லயத்து ராசம்மா அக்கா கையில் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தவன் அதை அடியோடு மறந்துவிட்டேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அன்றைக்குப் பொழுதோடேயே மகளின் பிரசவத்துக்கு நானுஓயாவுக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்து வந்து தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நேர்முகம் அதற்கு முதல் நாளே முடிந்திருந்தது. நீ அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கெஞ்சினேன், அவர்களும் இன்று வரைக்கும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் நீ பிளேன் ஏறினாய். வாத்தியாராக வேண்டிய பிள்ளை மூட்டை தூக்குகிறான் என்று ஊர் பேசும்போதெல்லாம் நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஊருக்கே கடிதம் சேர்த்தவன் என் மகன் கடிதத்தைச் சேர்க்கவில்லை, என்னை மன்னித்துக்கொள்.

இதைச் சொல்லி முடித்ததும் டிலுக்ஷி ஒன்றே ஒன்று கேட்டாள், "அண்ணனுக்குத் தெரியுமாப்பா?" தெரியாது என்றேன். "அப்ப இத நான் எழுத மாட்டேன். இது அண்ணன்ட கத, அண்ணன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றாள். ஒருவருடைய விஷயத்தை அவரைக் கேட்காமல் போடக்கூடாது என்று அந்தப் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்களாம். அன்றைக்கே அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறாள். வெள்ளிக்கிழமை காலையில் நானே அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து ஊடகம் என்ற இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் மகளுக்கு அப்படி ஒரு கேள்வி கேட்கவும், கேட்ட பதிலை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கவும் கற்றுக் கொடுக்கிற பாடத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை கிடைக்குமா என்று நீ கேட்பாய், கிடைக்கும், இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள், எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. ஐசிடியைப் பிறகு தனியாகவும் படிக்கலாம்.

தபசு காலம் தொடங்கிவிட்டது, வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே, வெயிலில் தலையை மூடிக்கொள், அறைப் பிள்ளைகளோடு சண்டை வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன், திட்டுவதென்றால் என்னைத் திட்டு, தங்கச்சியைப் பாடம் மாற்றச் சொல்லாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். சுவர்ப் பத்திரிகை நாளை ஏறுகிறது, அதில் அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் வர வேண்டிய கட்டத்தை மட்டும் தங்கச்சி எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறாள். எழுதலாமா வேண்டாமா என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. இராயப்பன்