கம்பத்து ஆப்பிள்

அண்ணா,

பிளம் தோப்பைத் தாண்டி ஓடிய நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பழைய பட்டாளத் துப்பாக்கியில் குண்டறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்குப் பதில் வேறொன்றின் போல்ட்டை மாட்டினாய். அதிலிருந்த வரிசை எண்ணை அராவிவிட்டு, குழலில் உள்ள எண்ணையே பொறித்தாய். எண்கள் ஒத்துப்போனால் சேகரிப்பவர்கள் இரட்டை விலை தருவார்களாம். ஒருமுறைகூட நீ சுட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று ஊர் வழக்கப்படி நம் வீட்டுக் கம்பத்தின் உச்சியில் ஆப்பிளைக் கட்டிவிட்டு, அந்தத் துப்பாக்கியையே மாப்பிள்ளையான என் வுகோமனிடம் நீட்டினாய்.

"ஆப்பிளச் சுட்டுத் தள்ளாம பொண்ணு கிடையாது மாப்ளே! ரெண்டு எண்ணும் ஒண்ணுதான், அசல் சரக்கு. தைரியமா சுடு!"

சுட்டார். பொருந்தாத போல்ட் தாங்காமல் நெருப்பும் பித்தளைத் துண்டுகளும் பின்பக்கமாகப் பாய்ந்து அவர் முகத்தைக் கிழித்தன. என் வெள்ளை உடுப்பைச் சுருட்டி அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. அதை நான் துவைக்கவில்லை.

"அவன் உன் கூடப் பொறந்தவன்டி" என்கிறாள் அம்மா. அதனால்தான் போலீசுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை அவருடைய நாற்பதாம் நாள் பூசை. வந்துவிடு. ஆப்பிள் சுருங்கிப்போய் இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறது. அதைக் கீழே இறக்க யாரையும் விடவில்லை. துப்பாக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன். போல்ட் இன்னும் மூடுகிறது. கன்னத்தை நன்றாகப் பதித்து, நீயே சுடு.

வராவிட்டால், நான் அதை எடுத்துக்கொண்டு அங்கே வருவேன்.

இப்படிக்கு,
ஆப்பிள் விழாததால் இன்னும் உன் வீட்டிலேயே இருக்கும் தங்கை